பொன்வண்டு உடையில் எலன் டெர்ரி: ஒரு கேபினட் கார்டு

எனக்குத் தையல்தான் தொழில். அதனால் பழைய நடிகைகளின் படம் வாங்கினால் முகத்தைவிடத் துணியைத்தான் முதலில் பார்ப்பேன். இப்போது வாங்கியது ஒரு கேபினட் கார்டு, அதாவது அட்டையில் ஒட்டிய அந்தக் காலப் புகைப்படம்: ஷேக்ஸ்பியரின் லேடி மக்பெத் வேடத்தில் ஆங்கில நடிகை எலன் டெர்ரி. 1888 டிசம்பர் கடைசியில் லண்டன் லைசியம் தியேட்டரில் நடிகர் ஹென்றி இர்விங்கோடு அவர் மேடையேறிய நாடகம். படம் எடுத்தது பேக்கர் தெரு விண்டோ அண்ட் குரோவ் ஸ்டூடியோ. இங்கிலாந்து வியாபாரி ஒருவரிடம் இணையத்தில் 45 பவுண்டுக்கு வாங்கினேன்.

விஷயமே அந்த உடைதான். பச்சை நூலும் நீல ஜிகினாவும் சேர்த்துக் குரோஷே பின்னி, மேலே சுமார் ஆயிரம் பொன்வண்டுச் சிறகுகளைத் தைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு வளர்ப்போமே, அந்தக் குடும்பத்து வண்டுதான். வடிவமைத்தவர் ஆலிஸ் காமின்ஸ் கார், தைத்தவர் ஏடா நெட்டில்ஷிப்.

பச்சையை எதிர்பார்த்து வாங்காதீர்கள், படம் முழுக்கப் பழுப்பு. நிறம் வேண்டுமென்றால் ஓவியர் சார்ஜென்ட் 1889இல் வரைந்த ஓவியம் இருக்கிறது, இங்கிலாந்தின் கென்ட்டில் டெர்ரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் பிளேஸ் வீட்டில் உடையே இருக்கிறது. ஆனால் ஓவியர் தூரிகையால் தாண்டிப்போன இடமெல்லாம் இதில் தெரிகிறது. பின்னல் துணி தன் கனத்திலேயே கீழே இழுபடுவதும், கைப்பகுதி தொய்ந்து தொங்குவதும் எனக்கு ஒரு பாடம் மாதிரி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு சிறகும் ஒரு வெள்ளைக் கீற்றாக மின்னுகிறது.

அந்த லென்ஸ் இன்னொன்றுக்கும் உதவும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த நகல், காசு கொடுக்காதீர்கள். என்னுடையதில் புள்ளி இல்லை, தாளின் நார்தான் தெரிகிறது. முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளைத் தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சப் பகுதிகள் மஞ்சளடித்திருக்கின்றன, அது வயசு.

அளவு சுமார் 11 × 16.5 செ.மீ. இதற்கு முந்திய கார்த்-த-விசீத் என்ற சின்னப் புகைப்பட அட்டைகள் மலிவுதான், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவற்றில் முகம் பார்க்கலாம், தையல் பார்க்க முடியாது.

வியாபாரி மீது இரண்டு கோபம். விளம்பரப் படத்தில் கீழ் மூலை மடிந்திருந்ததே தெரியவில்லை, அந்த மூலை வராதபடி படத்தை வெட்டிப் போட்டிருக்கிறார். அப்புறம், பிளாஸ்டிக் உறையை டேப் போட்டு அட்டையின் முதுகிலேயே ஒட்டி அனுப்பியிருக்கிறார். எவ்வளவு மெதுவாகப் பிரித்தும் ஸ்டூடியோ பெயரில் ஓர் எழுத்து உரிந்துவிட்டது. வாங்குவதற்கு முன் நான்கு மூலையும் பின்பக்கமும் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன், அந்த ஒன்று டேப்புக்காகக் குறைத்தது. அவரிடம் ‘ஃபாஸ்ட்’ நாடகத்துச் சாத்தான் மெஃபிஸ்டோ வேடத்தில் இர்விங் படம் ஒன்று இருக்கிறது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன், டேப் இல்லாமல்.