பரிசளிப்பு விழாவில் தேவாரமா, மௌனமா?

திருகோணமலையில் பல அரசுப் பாடசாலைகளில் விழா என்றால் முதலில் மங்கள விளக்கு, அப்புறம் தேவாரம். சம்பந்தர் திருகோணமலைக்கே பதிகம் பாடியிருக்கிறார், அதைப் பிள்ளைகள் மேடையில் பாடும்போது கேட்பவர்களுக்குச் சிலிர்க்கத்தான் செய்கிறது, ஊரோடு ஒட்டிய அந்த உணர்வை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அதே வரிசையில் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் நிற்கிறார்கள். கையைக் கூப்புவதா, கீழே விடுவதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள், கூப்பாவிட்டால் ஆசிரியர் என்ன நினைப்பாரோ என்ற பயம் வேறு.

எல்லா மதப் பிரார்த்தனையும் வைக்கலாமே என்பார்கள். நல்ல மனம்தான், நேரம் இழுக்கும், யாருடையது முதலில் என்ற பிரச்சினையும் வரும்.

ஒரு நிமிட மௌனத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அவரவர் மனதுக்குள் கும்பிடலாம், சும்மாவும் நிற்கலாம். அழகு குறைவு, சரி. இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தாலும், 10ஆவது உறுப்புரை மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது, பாடசாலைப் பிள்ளைக்கும்தான். நாட்டின் பெரும்பான்மை மதம் நம்மீது திணிக்கப்படும்போது அந்தச் சுதந்திரத்தைச் சொல்லித்தானே நாம் நியாயம் கேட்கிறோம்?

பொது விழாவுக்கு என் தெரிவு மௌனம். தேவாரத்தை நவராத்திரி விழாவில் மனம் நிறையப் பாடட்டும்.