வேலூருக்கு வரும் ஆராய்ச்சிப் பணம்: கேட்ஸா, வெல்கமா, சர்க்காரா?

வெளிநாட்டு நன்கொடை வேலூருக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த 40 படுக்கை மருத்துவமனையே, நியூயார்க் வங்கிக்காரர் ஷெல் தன் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் எழுந்ததுதான். கட்டடத்துக்குப் பணம் கொடுக்கிறவர் பெயர்ப்பலகையோடு திருப்தி அடைந்துவிடலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறவர் விஷயம் வேறு. எந்த நோய், எந்த ஊர், எதை அளப்பது என்பதில் அவருக்கும் ஒரு கை இருக்கும். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிடக் கேள்வியை யார் எழுதினார்கள் என்பதை வைத்தே பில் கேட்ஸின் அறக்கட்டளை, மருத்துவ ஆராய்ச்சிக்கென உள்ள வெல்கம் டிரஸ்ட், நம் சர்க்கார் ஆகிய மூன்றின் பணத்தையும் ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

நான் விஞ்ஞானி இல்லை. இந்த ஊரில் ஆராய்ச்சித் திட்டங்களுக்குக் கணக்கு எழுதியவன். அதனால் பணம் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒரே நோய்க்கு இரண்டு விதமாக வந்த பணத்தைப் பார்ப்போம். ரோட்டா வைரஸ், கைக்குழந்தைகளைப் பேதியில் தள்ளி உடம்பிலுள்ள நீரை வற்ற வைக்கும் கிருமி. 2002 முதல் சி.எம்.சி., அதாவது ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். பணம் லண்டனிலுள்ள வெல்கம் டிரஸ்ட் கொடுத்தது. பேதி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலமாதிரி எடுக்க வேண்டும். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார், பாட்டி “இதை எடுத்துட்டுப் போய் என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று வருடமும் முழுசாகப் பின்தொடர முடிந்த குழந்தைகள் 373.

2011இல் முடிவு வெளியானது. மெக்சிகோவில் முன்பு செய்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்குக் கடுமையான பேதியிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் 79 சதவீதம்தான். வெளிநாட்டில் ஜோராக வேலை செய்யும் ரோட்டா சொட்டு மருந்து இங்கே ஏன் பாதி பலம்தான் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வு பெரிய துணை. கேள்வி இந்த ஊரில் பிறந்தது. பதிலால் எந்த மருந்தும் விற்கப்போவதில்லை. அப்படிப்பட்ட வேலைக்குப் பத்து வருடம் பொறுத்திருக்கும் பணம் சுலபமாகக் கிடைக்காது.

அப்புறம் இரண்டாவது பணம். ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2011இல் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் தொடங்கியது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அதாவது டி.பி.டி., கேட்ஸ் அறக்கட்டளை, அமெரிக்க, நார்வே, பிரிட்டன் அமைப்புகள், தயாரிப்பாளரான பாரத் பயோடெக் என்று பல பேர் சேர்ந்து இழுத்த தேர் அது. கடுமையான பேதிக்கு எதிராக முதல் வருடத்தில் 56 சதவீதப் பாதுகாப்பு. 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரு டோஸ் ஒரு டாலர் என்ற விலை உறுதியும் கூடவே வந்தது. இந்த அளவு, இந்த வேகம், இந்த விலை மூன்றும் கேட்ஸ் மாதிரிப் பணம் இல்லாமல் நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இங்கே கேள்வி ஏற்கெனவே முடிவானது: ‘இந்த மருந்து வேலை செய்கிறதா?’ வேலூருக்கு விடப்பட்டது குழந்தைகளைச் சேர்ப்பதும், பார்ப்பதும், எழுதுவதும்.

அதே சோதனைதான் ஒரு சர்ச்சையையும் கொண்டுவந்தது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அரிய கோளாறு பற்றிய வேலூர் எண்களைத் தனியாக வெளியிடுங்கள் என்று சிலர் கேட்டார்கள். ஓரிடத்து எண்ணை மட்டும் பிரித்தால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது ஆய்வாளர்கள் தரப்பு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. புள்ளியியல்படி ஆய்வாளர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. இருந்தாலும் எங்கள் ஊர்க் குழந்தைகளின் எண்ணை எங்கள் ஊருக்குக் காட்டுவதில் என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கேட்ஸ் பணத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை அதன் அகலம். ஆய்வுக்கும் அவர்கள் பணம், தடுப்பு மருந்தை ஏழை நாடுகளுக்கு வாங்கித்தரும் காவி (Gavi) அமைப்புக்கும் அவர்கள் பணம். டெல்லியில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவுக்கு எழுத்து வேலை பார்த்த பிரிவுக்கும் அவர்கள் பணம்தான் இருந்தது. 2017இல் அந்த ஏற்பாட்டை மத்திய சுகாதார அமைச்சகம் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரர், தரகர், பத்திரம் எழுதுகிறவர் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தால், விலை நியாயமாகவே இருந்தாலும் நாம் இன்னொரு ஆளை வைத்துப் படிக்கச் சொல்வோம் இல்லையா?

வெல்கம் மட்டும் துறவியா? அதுவும் மருந்துக் கம்பெனி லாபத்தில் விளைந்த சொத்துதான். சமீப வருடங்களில் அவர்களும் தொற்றுநோய், மனநலம், பருவநிலை என்று தலைப்பு வகுக்கத் தொடங்கிவிட்டார்கள். இருந்தாலும் 2008இல் டி.பி.டி.யோடு சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்பை நான் இன்னும் உயர்வாகத்தான் வைப்பேன். பணம் ஆளுக்கு வருகிறது, அந்த ஆள் தன் கேள்வியை எழுதலாம். 2025இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அடுத்த கட்டத்தில் மொத்தம் 1,500 கோடி ரூபாய். அதில் டி.பி.டி. 1,000 கோடி, வெல்கம் 500 கோடி. நம் அரசின் பங்கு பெரிதாக இருப்பது நல்ல விஷயம். குறை என்னவென்றால் போட்டி கடுமை. ஏற்கெனவே பெயர் பெற்ற நிறுவனத்தில் இருப்பவருக்கு வாசல் அகலம், மாவட்டக் கல்லூரிக்காரருக்குக் குறுகல்.

முழுக்க முழுக்க சர்க்கார் பணம், அதாவது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டி.பி.டி. திட்டங்கள்: சுருக்கமாகவே சொல்கிறேன், அவஸ்தைப்பட்டவர்களுக்குத் தெரியும். யூ.சி. எனப்படும் செலவுச் சான்றிதழை 12-ஏ படிவத்தில் அனுப்ப வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகே அடுத்த தவணை. இடையில் களப்பணியாளர் சம்பளம் நிற்கும், ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட அவர்களே கைமாற்று வாங்குவார்கள். ஆனால் ஒன்று: இந்தப் பணத்தைப் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், நாடாளுமன்றத்தில் கேட்கலாம். கேட்ஸ் தளத்தில் யாருக்கு எவ்வளவு, எதற்கு என்ற ஒரு வரி கிடைக்கும். ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை.

மேல்செலவு, அதாவது கரண்ட், கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு என்ற ஒன்று இருக்கிறது, யாரும் பேச விரும்பாத விஷயம். கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு இதற்கென வைத்திருக்கும் உச்சவரம்பு 10 முதல் 15 சதவீதம். கத்திரி வெயிலில் வேலூரில் கரண்ட் போனால் மாதிரிகளை உறைய வைத்திருக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு? திட்டம் நடக்கும்வரை திட்டத்தின் கணக்கு. முடிந்த மறுநாள் முதல் நிறுவனத்தின் கணக்கு. பத்தாயிரம் மாதிரிகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, அடுத்த மானியம் எங்கே என்று தேடும்போது கேள்வி தானாகவே கொடுப்பவர் பக்கம் சாய்ந்துவிடும்.

என் வரிசை இது: இளம் ஆய்வாளர் தன் கேள்வியோடு நின்றால் ஃபெலோஷிப். தடுப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதிக்கும் வேலைக்கு கேட்ஸ், ஆனால் அரசுப் பங்கும், தனியாக வெளியிடப்படும் தரவும் நிபந்தனை. நீண்ட காலக் கண்காணிப்புக்கு சர்க்கார் பணமே பொருத்தம், தவணை மட்டும் நேரத்துக்கு வர வேண்டும். ஏனென்றால் கேட்ஸ் அறக்கட்டளை 2045 டிசம்பர் 31உடன் மூடப்போவதாக 2025 மே மாதமே சொல்லிவிட்டது. இன்று பிறந்த குழந்தையை இருபது வயதுவரை பின்தொடர நினைப்பவர், கடைசி வருடங்களின் ஃப்ரீசர் கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள் என்பதற்கு முதல் வருடமே நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.