கானாவில் சுவாச வைரஸ் கண்காணிப்பு: மூக்குச் சளியா, சாக்கடை நீரா?

கொரோனாவுக்குப் பிறகு கானாவுக்கு இரண்டு வழிகள். பழைய வழி: குறிப்பிட்ட மருத்துவமனைகளில், 38 டிகிரி செல்சியஸைத் தொட்ட காய்ச்சலும் இருமலுமாய், நோய் தொடங்கிப் பத்து நாளுக்குள் வருபவரின் மூக்கில் மாதிரி எடுத்து, தலைநகர் அக்ராவின் நொகுச்சி ஆய்வகத்தில் பார்ப்பது. ஒரே மாதிரியில் இன்ஃப்ளூயன்சா, கோவிட், ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளை அதிகம் தாக்கும் சுவாச வைரஸ்) மூன்றையும் தேடலாம். நோயாளியின் வயதும் ஊரும் தெரியும். ஓட்டை எங்கே? ஆர்எஸ்வி பிடித்த கைக்குழந்தைக்குப் பல நேரம் காய்ச்சலே இருக்காது. மருந்துக்கடையோடு முடித்துக்கொள்பவரும் கணக்கில் வரமாட்டார்.

இரண்டாவது வழி, கழிவுநீரில் வைரஸைத் தேடுவது. யார் மருத்துவமனைக்கு வந்தார் என்பதை நம்பியிராததால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை. போலியோவுக்காகக் கானாவில் ஏற்கெனவே கழிவுநீரைச் சோதிக்கிறார்கள். ஆனால் அக்ராவில் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீடுகள் குறைவு. திறந்த வாய்க்காலில் அள்ளிய நீர் எத்தனை பேருடையது என்று யார் சொல்வது? ஒன்றுக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு மூக்குச் சளிக்கே, குழந்தைகளுக்குக் காய்ச்சல் நிபந்தனையைத் தளர்த்திவிட்டு.