வேம்புப் படம் போட்ட பாட்டிலில் இரசாயன மருந்து: ரூ.27,500 போயிற்று

'இயற்கைப் பூச்சிவிரட்டி' வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கும் காய்கறி விவசாயிகள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகவும். ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரி பயிரிடும் நான், இயற்கை இடுபொருள் விற்கும் ஒரு கடையில் ரூ.27,500 கொடுத்து 11 லிட்டர் வாங்கினேன். காயிலும் பாட்டிலிலும் இமிடாகுளோபிரிட் என்ற இரசாயனப் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்று நேற்று ஆய்வறிக்கை வந்திருக்கிறது.

கத்தரிக்கு வாரந்தோறும் மருந்தடிக்கும் பழக்கத்தை விடுவது எளிதல்ல. தண்டு, காய்த்துளைப்பான் புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மேலே எதைத் தெளித்தாலும் அதற்கு எட்டாது என்பதால், வாடிய நுனித்தண்டுகளைக் கிள்ளி எரித்தும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும் அதை ஓரளவு அடக்கியிருந்தேன். மிஞ்சியது இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மட்டுமே. நஞ்சில்லாக் காய் என்றால் கூடுதல் விலை தருவதாகச் சென்னை வியாபாரி ஒருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

கடைப் பிரதிநிதி தோட்டத்துக்கே வந்தார். பேச்சை விட அவர் செய்து காட்டியதுதான் என்னை நம்ப வைத்தது. அசுவினி அப்பியிருந்த ஓர் இலையின் அடிப்புறத்தில் கைத்தெளிப்பானால் அடித்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்து பாருங்கண்ணா" என்றார். திரும்பி வந்தபோது அசுவினி உதிர்ந்திருந்தது. அதே இலையில், அசுவினியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றும் கால்கள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. ரூ.27,500 அங்கேயே கைமாறியது.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் அப்படி வேலை செய்வதில்லை. அது பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பைத் தடுத்து, சில நாட்களில்தான் எண்ணிக்கையைக் குறைக்கும்; பொறிவண்டுக்குப் பெரும்பாலும் கேடு செய்யாது. தேநீர் குடிக்கும் நேரத்தில் இரண்டையும் சாய்க்கும் சரக்கு வேப்பஞ்சாறாக இருக்கவே முடியாது என்பது அதை விற்றவருக்குத் தெரியாமலா இருக்கும்?

காயில் மருந்து இருக்கிறதென்று வியாபாரி அதைத் திருப்பி அனுப்பிய அன்றே கடைக்குப் போனேன். "பக்கத்துத் தோட்டத்துல அடிச்ச மருந்து காத்துல வந்திருக்கும்ணா" என்பது முதல் பதில். பாட்டிலின் ஆய்வறிக்கையை நீட்டியதும் அண்ணன் என்ற அழைப்பு 'சார்' ஆகி, கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனி எண்ணை எடுத்தவர், சீல் உடைத்த சரக்குக்குப் பொறுப்பில்லை என்று வைத்துவிட்டார். கடைசியில் கடை முதலாளி என் ரசீதையே எடுத்துக் காட்டினார். அதில் 'பயிர் வளர்ச்சி ஊக்கி' என்றுதான் எழுதியிருக்கிறது. "பூச்சிமருந்துன்னு நாங்க விக்கவே இல்லையே சார்" என்கிறார். பூச்சி உதிர்வதைக் காட்டித்தானே ரூ.27,500 வாங்கினீர்கள் என்றால் பதில் இல்லை. வியாபாரியும் இனி என் காயைத் தொடமாட்டார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். பூச்சியைக் கொல்லும் என்று விற்கும் எதற்கும், வேம்புச் சரக்கே ஆனாலும், 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். பதிவு எண், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். வேம்பு என்றால் அசாடிராக்டின் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சிட்டிருக்க வேண்டும். ரசீதில் என்ன பெயர் எழுதுகிறார்கள் என்பதைக் கடையில் நிற்கும்போதே படியுங்கள். முடிந்தால் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து மாலையில் அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.

வேளாண் துறையின் பூச்சிமருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்தாயிற்று. சீல் உடைக்காத பாட்டில் ஒன்று என்னிடம் மிச்சம் இருப்பது தெரிந்ததும், அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு ரூ.2,500 தருவதாகக் கடையிலிருந்து இப்போது அழைக்கிறார்கள். தரமாட்டேன், அது ஆய்வாளர் கைக்குத்தான் போகும்.