முதல் அரை மணி நேரம் போதும்: பாங்காக்கில் ஒரு விசா ஆலோசனைச் சேவை

பாங்காக்கின் சீலோம் பகுதியில், மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு விசா ஆலோசனை நிறுவனத்துக்கு 2025 ஏப்ரலில், சொங்க்ரான் என்னும் தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரம் போனேன். அதற்கு முந்தைய மாதம் சுவர்ணபூமி விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி, அதை முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டு, ஓரமாகக் கிடந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து மேலதிகாரி ஒருவர் வந்து, "சுற்றுலாவுக்கு இத்தனை முறையா?" என்று கேட்டார்; ஊர் திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட முன்பதிவையும் பார்த்த பிறகே முத்திரை விழுந்தது. அடுத்த முறை கேள்வியோடு நிற்காது என்று எனக்குத் தோன்றியதால்தான் பணம் கொடுத்து ஆலோசனை கேட்கும் முடிவுக்கு வந்தேன்.

சென்னையில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பயனர் கையேடுகள் எழுதுவது என் வேலை. இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று 2023 நவம்பர் 10 முதல் தாய்லாந்து அனுமதித்தது. 2024 ஜூலை 15 முதல் அது 60 நாளாயிற்று. குடியேற்ற அலுவலகத்தில் 1,900 பாட் கட்டினால் இன்னும் 30 நாள் நீட்டித்துக்கொள்ளவும் முடிந்தது. மூன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இப்படியொரு வசதி கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? டிசம்பர், மார்ச், ஆகஸ்ட், மறுபடியும் டிசம்பர் என்று பதினைந்து மாதத்தில் நான்கு முறை வந்து, மொத்தம் 210 நாள் இருந்துவிட்டேன். ஒரு நாள்கூட அனுமதிக்கப்பட்ட தேதியைத் தாண்டியதில்லை, ஆகவே தவறேதும் செய்யவில்லை என்பதே என் நினைப்பாக இருந்தது. 1979-ஆம் ஆண்டின் தாய்லாந்து குடியேற்றச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதும், வருபவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதற்கான காரணங்களை அது வரிசையாகச் சொல்வதும், அவற்றை ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்பது கவுன்டரில் இருப்பவரின் கையில் இருப்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அரை மணி நேர ஆலோசனைக்குக் கட்டணம் 3,000 பாட். எதிரே உட்கார்ந்த பெண்மணி, பிழையற்ற ஆங்கிலத்தில் பேசிய தாய்லாந்துக்காரர், நடுத்தர வயதினர். என் திட்டம் என்ன என்று அவர் முதலில் கேட்கவே இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி, ஒரு வெள்ளைத்தாளை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நான் நாட்டுக்குள் இருந்த நாள்களையும் வலப்பக்கம் வெளியே இருந்த நாள்களையும் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். முத்திரை மேல் முத்திரை விழுந்து மங்கிப்போயிருந்த ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். வலப்பக்க எண்களில் கடைசி இரண்டை மட்டும் வட்டமிட்டார். இரண்டுமே ஒரு மாதத்துக்கும் குறைவு. "நீங்கள் எத்தனை முறை வந்தீர்கள் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். சுற்றுலா வருபவர் ஊருக்குப் போய்ச் சில மாதமாவது இருப்பார். நீங்கள் துணி துவைத்துவிட்டு வந்தது போல் இருக்கிறது" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னது, தன் நிறுவனத்துக்கு நஷ்டம் தரக்கூடியது. மே மாதம் என் 60 நாள் முடியும்போது நீட்டிப்பு வாங்க வேண்டாம், புது முத்திரைக்காக லாவோஸ் எல்லைக்குப் போய்த் திரும்பும் வேலையும் வேண்டாம், நேராகச் சென்னைக்குப் போய் அங்கிருந்து முறையான விசாவுக்கு விண்ணப்பியுங்கள் என்றார். மேசையில், பணம் கட்டி உறுப்பினராகி நீண்ட காலம் தங்க வழிசெய்யும் தாய்லாந்து பிரிவிலேஜ் திட்டத்தின் பளபளப்பான விளம்பர அட்டை இருந்தது. ஐந்தாண்டுக்கான அதன் அடிப்படை உறுப்பினர் கட்டணம் 6,50,000 பாட். என் வருமானத்தைக் கேட்டதும் அதை அவரே ஓரமாக நகர்த்தி வைத்தார். மொழிப் பள்ளியில் சேர்ந்து வாங்கும் கல்வி விசாவைப் பற்றிக் கேட்டேன். "வகுப்புக்குப் போவீர்களா?" என்று கேட்டார். தயங்கினேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மிச்சமிருந்தது 2024 ஜூலையில் அறிமுகமான டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா, சுருக்கமாக டி.டி.வி.: 10,000 பாட் அரசுக் கட்டணம், ஐந்தாண்டு செல்லுபடி, எத்தனை முறையும் நுழையலாம், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கும், தாய் குத்துச்சண்டை, சமையல் போன்ற பயிற்சிகளுக்கு வருபவர்களுக்கும் உரியது. தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு இதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால்தான் ஊருக்குப் போகச் சொன்னார்.

இதுவரை குறையொன்றும் இல்லை. குறை, அந்த அறையை விட்டு வெளியே வந்து முன்மேசையில், விண்ணப்ப வேலையை அவர்களிடமே ஒப்படைக்கும் 15,000 பாட் 'முழுப் பொறுப்பு' திட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு தொடங்கியது. அன்று முதல் என்னோடு தொடர்பில் இருந்தவர் வேறொரு ஊழியர். டி.டி.வி.க்கு 5,00,000 பாட் கையிருப்பைக் காட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய். முதல் நாளே அந்தப் பெண்மணி, உறவினர்களிடம் கைமாற்று வாங்கி ஒரே நாளில் கணக்கை நிரப்ப வேண்டாம் என்று எச்சரித்திருந்தார். இந்த ஊழியரோ, "கடைசி வாரத்தில் போட்டால் போதும்" என்று செய்தி அனுப்பினார். நான் முன்னவர் சொன்னதையே கேட்டேன். அப்படியும் ஒரு வைப்புத்தொகை முதிர்ந்து கணக்கில் விழுந்திருந்த தொகைக்கு, விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்கள் விளக்கமும் வங்கிச் சான்றும் கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, என் நிறுவனத்தின் பெயரில் அவர்கள் தயாரித்து அனுப்பிய வரைவுக் கடிதத்தில் இருந்தது. நான் 'பாங்காக்கில் உள்ள வாடிக்கையாளர்களுக்கு உதவுவேன்' என்று அதில் ஒரு வாக்கியம். வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். டி.டி.வி. வைத்திருப்பவர் பணி அனுமதி இல்லாமல் தாய்லாந்து நிறுவனங்களுக்கு வேலை செய்ய முடியாது. வருவதற்கு முன்பே நானே எனக்கு எதிராக எழுதிக் கொடுப்பதற்குச் சமமான அந்த வாக்கியத்தை, என் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் இருந்த தோழிதான் அடித்துவிட்டு, சென்னை வாடிக்கையாளர்கள், சென்னையில் சம்பளம் என்று இரண்டே வரியில் எழுதிக் கொடுத்தார். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் எல்லாவற்றையும் இணையவழி விசாத் தளத்திலேயே பதிவேற்றிவிடலாம். உட்கார்ந்து செய்தால் ஒரு மாலை வேலை. இதற்கா 15,000 பாட் கொடுத்தோம் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் விசா வந்தது.

ரசீதைப் பிறகு நிதானமாகப் பார்த்தபோது, 'மின்னணு வருகை அட்டை' என்ற தலைப்பில் 500 பாட் சேர்த்திருந்தது தெரிந்தது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டினர் அனைவரும், வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய படிவம் அது. குடியேற்றத் துறையின் தளத்தில் இலவசம்.

விசாவுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி இவர்கள் வாய் திறக்கவில்லை என்பதே என் முக்கியமான புகார். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் டி.எம். 30 என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். 'அது வீட்டுக்காரர் வேலை' என்று ஊழியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். என் வீட்டுக்கார அம்மா அதைச் செய்யவில்லை என்பது, 90 நாளுக்கொரு முறை முகவரியைத் தெரிவிக்கும் டி.எம். 47 படிவத்தோடு செப்டம்பரில், குடியேற்ற அலுவலகம் இருக்கும் சேங் வத்தனா அரசு வளாகத்துக்குப் போனபோதுதான் தெரியவந்தது. முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். அவர் அபராதம் கட்டினார். நான் பாதியைக் கொடுத்தேன். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த அறிவிப்பு இணையத்திலேயே செய்யக்கூடியது.

வரி விஷயம் இன்னும் கனமானது. விசாவின் 180 நாள், நுழைந்த தேதியிலிருந்து எண்ணப்படுவது. தாய்லாந்து வருமான வரியின் 180 நாளோ, ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்த ஆண்டில் இருந்த எல்லா நாள்களையும் கூட்டி எண்ணப்படுவது. அதை எட்டினால் வரிக் கணக்கில் நீங்கள் அந்நாட்டில் வசிப்பவர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை அப்படிப்பட்டவர் தாய்லாந்துக்குக் கொண்டுவந்தால் அது வரிக்கு உட்படும். விசா இல்லாமல் வந்து இருந்த நாள்களும் இந்தக் கூட்டலில் சேரும் என்பதை, ஜூனில் புதிய விசாவோடு இறங்கியபோது நான் யோசிக்கவே இல்லை. முதல் நாள் அந்த வெள்ளைத்தாளில் எழுதப்பட்ட எண்களை வைத்தே இதையும் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்மணி ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னோடு வந்திருந்த ஐம்பத்தெட்டு வயது நண்பருக்கும் அதே மேசையில் ஆலோசனை நடந்தது. ஓய்வுக்கால விசாவுக்கு ஐம்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும் என்பதோடு, ஓய்வுக்காலத் தங்கலுக்கான நீட்டிப்பில் இருக்கும்போது மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஊருக்குப் போனால் நீட்டிப்பே ரத்தாகிவிடும் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். அந்த அனுமதிக்கு ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. நண்பர் அத்தோடு எழுந்துவிட்டார். 'முழுப் பொறுப்பு' எதிலும் கையெழுத்திடவில்லை. எங்கள் இருவரில் கெட்டிக்காரர் அவர்தான்.

முத்திரைகள் நிறைந்த பாஸ்போர்ட்டோடு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள், பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்த அரை மணி நேரத்துக்கு 3,000 பாட் தாராளமாகக் கொடுக்கலாம். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள், டி.எம். 30, 90 நாள் அறிவிப்பு, வரி ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். படிவங்களை நிரப்பும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டாம்.

என் விசா 2030 வரை. பாஸ்போர்ட் 2028-இல் காலாவதியாகிறது. புதிய பாஸ்போர்ட் வாங்கிய பிறகு பழையதில் இணைந்துள்ள விசாவை எப்படிப் பயன்படுத்துவது என்று 'முழுப் பொறுப்பு' ஊழியருக்கு மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். மறுநாளே பதில் வந்தது. திறந்து பார்த்தால், புதிய விலைப்பட்டியல்.