தாராவி ஞாயிறு கவிதைப் பட்டறை: போகலாமா?

மும்பை தாராவியின் 90 அடிச் சாலைப் பக்கம் நடக்கும் இந்த மூன்று மணி நேரப் பட்டறையின் உயிர் முதல் பயிற்சிதான். குடிசை அகற்றும் அறிவிப்பின் நகல் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். அதன் வினைகளை வட்டமிட வேண்டும்: 'அகற்றப்படும்', 'கருதப்படுவர்', 'அனுமதிக்கப்படமாட்டாது'. செய்பவர் ஒருவர்கூட இல்லை! பிறகு ஒவ்வொரு வினைக்கும் செய்பவரை எழுவாயாகச் சேர்த்துத் திருப்பி எழுதச் சொல்கிறார்கள். 'என் அடுப்பை நீ இடிப்பாய்' என்று வந்ததும் கவிதைக்கு முதல் வரி கிடைத்துவிடுகிறது. அடுத்தது, குடிசை அன்றைக்குள் எழுந்திருந்தால்தான் இலவச மாற்று வீடு என்று அரசு வைத்த 1.1.2000 கெடு. அதற்கு மறுநாள் எழுந்த ஒரு குடிசையின் குரலில் எட்டு வரி. பலர் இங்கே கோஷத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தகரம், தார்ப்பாய், குழாய் என்று பொருள்களைப் பிடித்துக்கொண்டால் வரி நிற்கும்.

பிற்பகுதி ஏமாற்றம். மராத்தி தலித் கவிஞர் நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' (1972) பற்றி விரிவாகப் பேசுகிறார்கள். மும்பையின் பாலியல் தொழில் பகுதியான காமாட்டிபுராவின் தெருப்பேச்சை மராத்திக் கவிதைக்குள் தயக்கமின்றிக் கொண்டுவந்த தொகுப்பு அது. ஆனால் அதே கையோடு, பங்கேற்பாளரின் நெல்லைப் பேச்சையும் அதில் கலந்த பம்பாய் இந்தியையும் எழுத்துத் தமிழாகத் திருத்துகிறார்கள். தசாலைப் படித்துவிட்டு இதைச் செய்வது தப்பு. திருத்தினால் மறுத்துவிடுங்கள்.

நகல்கள் மங்கல். வீட்டுக்கு வந்த அறிவிப்பு இருந்தால் கொண்டுபோங்கள், பயிற்சி இன்னும் கூர்மையாகும்.