பெரிய புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள்: ஓராண்டு பாடிப் பார்த்த ‘கிராதுவாலே சிம்ப்ளெக்ஸ்’

எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தின் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். லத்தீன் பாட்டு என்றால் போன வருடம் வரை எனக்கு அடக்கப் பூசைதான் ஞாபகம் வரும். பழைய வழிபாட்டு இசை திரும்ப வரவேண்டும் என்று ஏங்கியவன் நான் இல்லை. குழுவில் இருக்கும் இளசுகள் நாலு பேர் யூடியூபில் துறவிகள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் புதுப் பங்குத்தந்தையை நச்சரித்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, “ஒரு ஞாயிறு பூசையிலாவது கிரகோரியன் பாடிப் பார்க்கலாமா?” என்றார். துறவிகள் பாடும் அந்தப் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டுதான் கிரகோரியன். சரி என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

முதலில் தப்பான புத்தகத்தை வாங்கினேன். ‘கிராதுவாலே ரொமானும்’, பிரான்சு நாட்டு சோலெம் மடத்தார் 1974-இல் கொண்டுவந்த பதிப்பு. அதில் குறை சொல்ல நான் யார்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் வருகைப் பல்லவி (பூசைத் தொடக்கத்தில் பாடுவது), வாசகத்துக்குப் பின் பாட ஒன்று, அல்லேலூயா, காணிக்கைக்கு ஒன்று, திருவிருந்துக்கு ஒன்று எல்லாம் தனித்தனியாக உண்டு. ஆனால் அது தினமும் பலமுறை கூடிப் பாடும் துறவிகளின் தொண்டைக்கு ஏற்றது. ஈஸ்டர் ஞாயிறின் ‘ஹேக் தியேஸ்’ஸை எடுத்தோம். ஒரே ஓர் அசைக்குமேல் சுரங்கள் வரிசை வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டே போகும், அடுத்த அசை எங்கே என்று தேட வேண்டும். மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். பதினான்கு பேராகத் தொடங்கியது, நாலாவது வாரம் ஐந்து பேர் வந்தார்கள்.

அப்புறம்தான் ‘கிராதுவாலே சிம்ப்ளெக்ஸ்’ கைக்கு வந்தது. எளிய பாடல் நூல் என்று பெயரே சொல்லிவிடுகிறது. இதன் பிறப்பு வேடிக்கையானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் (1960-களில் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பெரும் கூட்டம்) லத்தீனைத் தூக்கி எறிந்தது என்று ஒரு கூட்டம் சந்தோஷப்படுகிறது, இன்னொரு கூட்டம் வருத்தப்படுகிறது. 1963-இல் அதே சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டைப் புரட்டிப் பாருங்கள். எண் 116-இல் கிரகோரியன் இசைக்கு முதலிடம் தரச் சொல்கிறது. எண் 117-இல் சிறிய ஆலயங்களுக்காக எளிய மெட்டுகளில் ஒரு பதிப்பு தயாரிக்கச் சொல்கிறது. அந்தக் கட்டளைப்படி 1967-இல் வந்ததுதான் இந்தப் புத்தகம். 1975-இல் இரண்டாம் பதிப்பு. அதாவது நம்மைப்போன்ற பங்குகளுக்காகவே செய்தது. இத்தனை வருடம் கழித்து, இளசுகள் தூண்டிவிட்டுத்தான் எனக்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கு ஒன்று என்று இல்லாமல், காலத்துக்கு ஏற்ற தொகுப்புகளாகப் பாடல்களை அடுக்கியிருக்கிறார்கள். ஆண்டின் பொதுக்காலம் முழுவதற்கும் எட்டே தொகுப்புகள். ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதையே பல வாரம் பாடலாம். பல்லவி குட்டியாக இருக்கும். குழு விவிலியத்தின் திருப்பாடல் (சங்கீதம்) வரிகளைப் பாடப் பாட, சபை அந்தப் பல்லவியைத் திரும்பச் சொல்லும். மூன்றாவது தடவைக்குள் பின்வரிசையிலிருந்தும் குரல் வந்துவிடுகிறது. பெரிய புத்தகத்தில் இது நடக்கவே நடக்காது.

நாலு கோட்டில் சதுரச் சதுரமாக இருக்கும் சுர எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையில் ஐந்து கோட்டைவிட இதுதான் சுலபம். இந்தச் சுரம் இத்தனை கட்டை என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. சுருதியை உங்கள் குழுவின் தொண்டைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வாலோடு ஒரு சின்னக் குறி இருக்கும். அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் காவல்காரன் அது. பெயரே ‘குஸ்தோஸ்’, காவலன். எங்கள் குழுவில் இசை படிக்கவே தெரியாதவர்கள் முதலில் காதலித்தது அதைத்தான். எங்களைத் தடுமாற வைத்தது ‘பொர்ரெக்துஸ்’ என்ற குறி. தடித்த சாய்கோடு ஒன்று கீழ்நோக்கிப் போகும், முடிகிற இடத்தில் மேலே ஒரு சதுரம் நிற்கும். கோட்டின் தொடக்கமும் முடிவும் மட்டுமே சுரம், நடுவில் இருப்பது வெறும் மை. இது தெரியாமல் இரண்டு வாரம் எல்லோரும் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல இழுத்துப் பாடினோம்.

இன்னொரு கஷ்டம் மௌனம். திருப்பாடல் வரியின் நடுவில் நட்சத்திரக் குறி வரும், அங்கே ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். இத்தனை வருடமாக டிரம் தாளத்தோடு பாடிய எங்களுக்கு அந்த ஒரு மூச்சு தாங்கவில்லை. பாடுகிறவர் வரியை மறந்துவிட்டார் என்று நினைத்து யாராவது ஒருவர் காப்பாற்றப் பாய்ந்துவிடுவார். நானும் இரண்டு முறை பாய்ந்திருக்கிறேன். கீபோர்டில் என் வேலை இப்போது தொடக்கச் சுரத்தை ஒருமுறை தொடுவது மட்டும்தான். மீதி நேரம் கையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. குறிப்புகள், தலைப்புகள் எல்லாம் லத்தீன். மொழிபெயர்ப்பு ஒரு வரிகூடக் கிடையாது. அர்த்தத்தை நீங்களே தேடி அச்சடித்துச் சபைக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பாடினால் மக்கள் கோபப்படுவது நியாயம்தான். முதல் ஞாயிறு நாங்கள் கொடுக்கவில்லை. பூசை முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, “யாருக்கப்பா அடக்கம்?” என்று கேட்டார். எனக்கே தோன்றிய கேள்வி, அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த குறை கொஞ்சம் ஆழமானது. இதிலுள்ள பல்லவிகளில் பெரும்பாலானவை துறவிகள் நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் மணிச்செபத்திலிருந்து எடுத்தவை. பூசைக்கென்றே பல நூற்றாண்டுகளாக இருந்த பாடல்கள் அல்ல. காலத்துக்கு ஏற்ற தொகுப்பு என்பதில் நமக்கு வசதி இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாமியார் ரோஜா நிற உடை உடுத்தும் நாள். ‘கௌதேத்தே’ (மகிழுங்கள்) என்று தொடங்கும் வருகைப் பல்லவியால்தான் அந்த ஞாயிற்றுக்கே ‘கௌதேத்தே ஞாயிறு’ என்று பெயர். அந்தப் பாட்டை இந்தப் புத்தகத்தில் தேடாதீர்கள்.

வாங்குமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1962 திருப்பலி நூலின்படி நடக்கும் பழைய பூசை வேறு. அதற்கு 2021 ஜூலை 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணைப்படி ஆயரின் அனுமதி வேண்டும். இந்தப் புத்தகம் இன்றைய வழக்கமான பூசைக்கானது, அதில் பாட யாரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைக்கூடக் கவனமாகத் தொடங்க நினைப்பவர்களுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் உலக ஆயர்கள் அனைவருக்கும் அனுப்பிய ‘யூபிலாத்தே தேயோ’ என்ற சிறு கையேடு போதும். அதிலிருக்கும் ‘சாங்க்துஸ்’ (‘தூயவர், தூயவர்’ பாட்டு; கிரகோரியன் தொகுப்பில் பதினெட்டாம் எண்), அதற்கு முன் சாமியார் பாடி முடிக்கும் தொடக்கவுரையின் மெட்டிலிருந்தே தொடர்கிறது. அவர் லத்தீனில் பாடினால் யாரும் சுரம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு மாதம் அதைப் பாடுங்கள், அப்புறம் சிம்ப்ளெக்ஸுக்கு வாருங்கள். குழுத் தலைவருக்கு ஒரு பிரதி இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும்.

இப்போது ஒத்திகைக்குப் பதினொரு பேர் வருகிறார்கள். போன மூவரில் இருவர் கிட்டார் வாசிக்கும் வேறொரு பூசைக்கு மாறிக்கொண்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. பெரிய புத்தகத்தை நான் விற்கவில்லை. ‘கௌதேத்தே’ ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்து, வாரம் ஒரு வரியாகப் பழகுகிறோம். திருவருகைக் காலம் தொடங்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.